கார்பைட் கல்லும் எத்திலீனும்: மூலக்கூறுக்கு வடிவம் எங்கிருந்து வருகிறது?

மாங்காய் வரத்து தொடங்கியதும் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கத்து மண்டிகளைப் பற்றி ஒரே மாதிரியான செய்தி ஆண்டுதோறும் வரும். கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழங்களை உணவுப் பாதுகாப்புத் துறையினர் பறிமுதல் செய்தார்கள் என்பது ஒரு வரி. எத்திலீன் வாயுவைக் கொண்டு பழுக்கவைக்க அனுமதி உண்டு என்று வணிகர்களுக்கு அறிவுரை சொன்னார்கள் என்பது அடுத்த வரி.

படிப்பவருக்குக் குழப்பம் இந்த இரண்டாவது வரியில்தான். கல் என்பது கால்சியம் கார்பைட்; ஈரம் பட்டால் அதிலிருந்து வருவது அசிட்டிலீன் வாயு. அதில் இரண்டு கார்பன், இரண்டு ஹைட்ரஜன். எத்திலீனில் இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன். இரண்டே இரண்டு ஹைட்ரஜன்தான் வித்தியாசம். அதற்காக ஒன்றுக்குத் தடை, இன்னொன்றுக்கு அனுமதியா?

இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. சட்டக் கேள்விக்கு விடை சுருக்கமானது. சந்தையில் கிடைக்கும் கார்பைட் சுத்தமான பொருள் கிடையாது. அதில் பாஸ்பரஸும் ஆர்செனிக்கும் சிறிதளவு கலந்திருக்கும். ஈரம் பட்டதும் அசிட்டிலீனோடு பாஸ்பீன், ஆர்சீன் என்ற நச்சு வாயுக்களும் கிளம்பும். அதனால் 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் கார்பைடைத் தடை செய்கின்றன. எத்திலீன் வாயுவை மட்டும் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை அறைக்குள் விடலாம்.

வேதியியல் கேள்வி கொஞ்சம் நீளமானது. இந்த இரண்டு வாயுக்களும் பார்க்கவே ஒரே மாதிரி இல்லை. அசிட்டிலீன் ஊசி மாதிரி நேராக நீண்டிருக்கும். எத்திலீன் தட்டையானது, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கவட்டை விரிந்தது போல. கூடவே வரும் பாஸ்பீன் கூம்பு. கல்லில் பட்ட நீர்த்துளி வளைந்தது. காய் மூச்சுவிட்டு வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடு நேர்கோடு. ஒரே மாங்காய்ப் பெட்டிக்குள் இத்தனை வடிவங்கள். எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே கணக்கு. பிளஸ் ஒன் வேதியியலில் இணைதிறக் கூடு எலக்ட்ரான் இரட்டை விலக்கக் கொள்கை என்ற நீண்ட பெயரில் வருவதும், மாணவர்கள் சுருக்கமாக விஎஸ்இபிஆர் என்பதும் இதுதான்.

## பெயரைப் பிரித்துப் பார்த்தால்

ஓர் அணுவின் வெளிக்கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்கள்தான் பிணைப்பில் ஈடுபடும். அந்தக் கூடு இணைதிறக் கூடு. அதில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு ஜோடியும் ஓர் எலக்ட்ரான் இரட்டை. இரட்டைகள் இரண்டு வகை.

1. பிணைப்பு இரட்டை: இரண்டு அணுக்களுக்கு நடுவே நின்று அவற்றைச் சேர்த்துப் பிடிப்பது.
2. தனித்த இரட்டை: எந்தப் பிணைப்பிலும் சேராமல் ஒரே அணுவின் மேல் தங்கியிருப்பது.

கொள்கை சொல்வது இவ்வளவுதான்: நடு அணுவைச் சுற்றியுள்ள இரட்டைகள் ஒன்றையொன்று விலக்கி, எவ்வளவு தூரம் தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி நிற்கும். மூலக்கூறின் வடிவம் அந்த ஏற்பாட்டின் விளைவு.

கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் முனைகளை நோக்கி நீளுகின்றன என்று வான்ட் ஹாஃப், லெ பெல் இருவரும் 1874இல் தனித்தனியாகச் சொன்னார்கள். அப்போது எலக்ட்ரானே கண்டுபிடிக்கப்படவில்லை. 1916இல் கில்பர்ட் லூயிஸ் எலக்ட்ரான் இரட்டை என்ற கருத்தைக் கொண்டுவந்தார். இரட்டைகளின் எண்ணிக்கைக்கும் வடிவத்துக்கும் தொடர்பு உண்டு என்று சிட்விக்கும் பவலும் 1940இல் காட்டினார்கள். ரொனால்ட் கில்லெஸ்பி, ரொனால்ட் நைஹோம் இருவரும் 1957இல் அதை இப்போது நாம் படிக்கும் விதிகளாக ஆக்கினார்கள். வடிவம் முதலில் தெரிந்தது, காரணம் 80 ஆண்டுகள் கழித்துத்தான் ஒழுங்காக எழுதப்பட்டது.

## நுங்கும் நெருஞ்சி முள்ளும்

இடத்தைப் பங்குபோடும் கணக்கைப் புரிந்துகொள்ள நுங்கு போதும். பனங்காயைச் சீவினால் பெரும்பாலும் மூன்று கண் இருக்கும். மூன்றும் காய்க்குள் சமமாக இடம் பிரித்துக்கொண்டு ஒன்றுக்கொன்று சுமார் 120 பாகையில் உட்கார்ந்திருக்கும். இரண்டு கண் மட்டும் உள்ள காயில் அவை எதிரெதிரே, அதாவது 180 பாகையில் இருக்கும். எலக்ட்ரான் இரட்டைகளும் அப்படியே. இரண்டு என்றால் நேர்கோடு, மூன்று என்றால் தட்டையான முக்கோணம்.

நான்குக்கு வரும்போது நுங்கு உதவாது. தட்டையான பரப்பில் நான்கை வைத்தால் இடைக்கோணம் 90 பாகைதான் கிடைக்கும். ஆனால் எலக்ட்ரான்களுக்கு மேலேயும் கீழேயும் இடம் இருக்கிறதே. முப்பரிமாணத்தில் விரிந்தால் 109.5 பாகை வரை விலகி நிற்கலாம். இந்த வடிவம்தான் நான்முகி. தருமபுரி மேட்டுக்காட்டில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இது ஏற்கனவே பழக்கம். நெருஞ்சி முள் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்துக் கிடக்கும். மற்றவை தரையில் ஊன்றி நிற்கும். நெருஞ்சியின் முட்கள் எல்லாம் ஒரே அளவில்லை, கோணமும் துல்லியமில்லை. ஆனாலும் நான்முகியை மனதில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல உருவம் கிடைக்காது. சாண எரிவாயுவில் இருக்கும் மீத்தேன் இப்படித்தான்: நடுவில் கார்பன், நான்கு முனையிலும் ஹைட்ரஜன். கிருஷ்ணகிரி கிரானைட் பலகையில் மின்னும் குவார்ட்ஸுக்குள் ஒவ்வொரு சிலிக்கானைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன் இதே ஏற்பாட்டில்தான் நிற்கின்றன.

## கண்ணுக்குத் தெரியாத முள்

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். தேர்விலும் அதிக மதிப்பெண் போவது இந்த இடத்தில்தான்.

தனித்த இரட்டையின் முனையில் அணு கிடையாது. மூலக்கூறின் வடிவத்துக்குப் பெயர் வைக்கும்போது அணுக்கள் நிற்கும் இடத்தை மட்டுமே பார்க்கிறோம். ஆனால் இடம் பிடிக்கும் போட்டியில் தனித்த இரட்டையும் முழு உரிமையோடு நிற்கிறது. நெருஞ்சியின் ஒரு முள்ளை மட்டும் கண்ணுக்குத் தெரியாத மையால் பூசிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவருக்குத் தெரிவது மூன்று முள். ஆனால் அந்த மூன்றும் விரிந்து தட்டையாவதில்லை. காரணம், நான்காவது அங்கேதான் இருக்கிறது.

அதோடு, தனித்த இரட்டை கொஞ்சம் அகலமாக இடம் பிடிக்கும். பிணைப்பு இரட்டையை இரண்டு அணுக்கருக்கள் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிப்பதால் அது ஒல்லியாக நீண்டிருக்கும். தனித்த இரட்டையை இழுப்பது ஒரே அணுக்கரு. அது அணுவின் அருகிலேயே பரவிப் படுத்துக்கொள்ளும், பக்கத்தில் இருப்பவற்றை நெருக்கும். விலக்கும் வலிமையின் வரிசை இப்படி: தனித்தது–தனித்தது அதிகம், தனித்தது–பிணைப்பு அடுத்து, பிணைப்பு–பிணைப்பு குறைவு.

மூன்று மூலக்கூறுகளை வரிசையாக வைத்தால் இது தெளிவாகத் தெரியும். மூன்றிலும் நான்கு இரட்டைகள்.

1. மீத்தேன்: தனித்த இரட்டை இல்லை. கோணம் 109.5 பாகை. வடிவம் நான்முகி.
2. அம்மோனியா: தனித்த இரட்டை ஒன்று. கோணம் சுமார் 107 பாகை. வடிவம் முக்கோணப் பிரமிடு.
3. நீர்: தனித்த இரட்டை இரண்டு. கோணம் 104.5 பாகை. வடிவம் வளைந்தது.

## எண்ணும் முறை

எந்த மூலக்கூறைக் கொடுத்தாலும் வழி ஒன்றுதான்.

1. நடு அணுவைக் கண்டுபிடித்து அதன் வெளிக்கூட்டில் எத்தனை எலக்ட்ரான் என்று பாருங்கள். கார்பனுக்கு 4, நைட்ரஜன் பாஸ்பரஸுக்கு 5, ஆக்சிஜன் கந்தகத்துக்கு 6.
2. பிணைப்புகளுக்குப் போனது போக மிச்சத்தை இரண்டிரண்டாகப் பிரியுங்கள். அவை தனித்த இரட்டைகள்.
3. பிணைப்பு நீளும் திசைகளை எண்ணுங்கள். இரட்டைப் பிணைப்பானாலும் (இரண்டு அணுக்களுக்கு நடுவே இரண்டு பிணைப்பு இரட்டைகள்) மூன்று மடங்குப் பிணைப்பானாலும் ஒரே திசைதான்.
4. திசைகளையும் தனித்த இரட்டைகளையும் கூட்டுங்கள். வரும் எண்தான் ஏற்பாட்டைச் சொல்லும்.
5. தனித்த இரட்டைகளைப் பார்வையிலிருந்து மறைத்துவிட்டு, மிஞ்சிய அணுக்களுக்கு மட்டும் வடிவப் பெயர் வையுங்கள்.

மூன்றாவது படியைத் தவறவிட்டால் எல்லாம் போச்சு. கார்பன் டை ஆக்சைடில் நான்கு பிணைப்பு இரட்டைகள் இருக்கின்றன என்று எண்ணி நான்முகி என்று எழுதுபவர்கள் உண்டு. அங்கே இருப்பது இரண்டு இரட்டைப் பிணைப்புகள், ஆகவே இரண்டே திசை.

## மாங்காய்ப் பெட்டிக்குத் திரும்புவோம்

முதலில் அசிட்டிலீன். ஒவ்வொரு கார்பனிலிருந்தும் இரண்டு திசை: பக்கத்துக் கார்பனை நோக்கி மூன்று மடங்குப் பிணைப்பு, ஹைட்ரஜனை நோக்கி ஒற்றைப் பிணைப்பு. தனித்த இரட்டை இல்லை. இரண்டு கண் நுங்கு. நான்கு அணுக்களும் ஒரே கோட்டில்.

எத்திலீனில் ஒவ்வொரு கார்பனுக்கும் மூன்று திசை: ஓர் இரட்டைப் பிணைப்பு, இரண்டு ஹைட்ரஜன். மூன்று கண் நுங்கு, ஆகவே 120 பாகை. அளந்து பார்த்தால் கோணம் துல்லியமாக 120 இல்லை. இரண்டு ஹைட்ரஜனுக்கு இடையே சுமார் 117, ஹைட்ரஜனுக்கும் பக்கத்துக் கார்பனுக்கும் இடையே சுமார் 121. இரட்டைப் பிணைப்பில் நான்கு எலக்ட்ரான் அடைந்திருப்பதால் அது கொஞ்சம் தடித்தது. ஹைட்ரஜன்களைத் தள்ளி நெருக்குகிறது. ஒரு விஷயத்தை மட்டும் இந்தக் கொள்கையின் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு கார்பனைச் சுற்றியும் தட்டையாக இருக்கும் என்பதை விலக்கம் சொல்லும். ஆனால் இரண்டு பாதிகளும் ஒரே தளத்தில் பூட்டி நிற்பதற்குக் காரணம் இரட்டைப் பிணைப்பு முறுக விடாமல் தடுப்பது. அது வேறு பாடம்.

பாஸ்பீனில்தான் சுவாரசியம். கார்பைட் கல்லை நனைத்தால் வரும் பூண்டு நாற்றத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த வாசம். பாஸ்பரஸ், நைட்ரஜனின் குடும்பம். வெளிக்கூட்டில் 5 எலக்ட்ரான், மூன்று ஹைட்ரஜன், ஒரு தனித்த இரட்டை. எண்ணிக்கையில் அம்மோனியாவேதான். அப்படியானால் கோணமும் 107 பாகை பக்கம் வரவேண்டும். அளந்தால் கிடைப்பது சுமார் 93.5. ஆர்சீனில் இன்னும் குறைந்து 92 பாகைக்குப் போய்விடுகிறது.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் எலக்ட்ரான் கவர்தன்மையும் அணுவின் பருமனும். நைட்ரஜன் சின்ன அணு, எலக்ட்ரான்களைத் தன் பக்கம் பலமாக இழுக்கும். பிணைப்பு இரட்டைகள் அதன் அருகில் நெருங்கி நிற்பதால் ஒன்றையொன்று அதிகம் தள்ளும், கோணம் விரியும். பாஸ்பரஸ் பெரியது, இழுப்பும் குறைவு. பிணைப்பு இரட்டைகள் தூரத்தில் ஹைட்ரஜன் பக்கம் நிற்கும். அவற்றுக்குள் நெருக்கடி இல்லை, தனித்த இரட்டை தாராளமாகப் பரவிக்கொள்ளும். கோணம் குறையும் என்று கொள்கை சரியாகவே சொல்கிறது. ஆனால் 93 வரை இறங்கும் என்று அதிலிருந்து யாரும் கணக்குப் போட்டு எடுக்க முடியாது. போக்கைச் சொல்லும் கொள்கை இது, எண்ணைத் தராது. பாடப்புத்தகங்கள் இதை இன்னும் அழுத்திச் சொல்லலாம்.

## நீர் வளைந்திருப்பதால் என்ன ஆச்சு?

கார்பன் டை ஆக்சைடிலும் நீரிலும் நடுவில் ஓர் அணு, இரண்டு பக்கமும் இரண்டு அணு. இரண்டிலும் பிணைப்புகளில் மின்னேற்றம் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். கார்பன் டை ஆக்சைடு நேர்கோடு என்பதால் இடப்பக்க இழுப்பும் வலப்பக்க இழுப்பும் கழிந்துவிடும். நீரில் இரண்டு தனித்த இரட்டைகள் ஹைட்ரஜன்களை ஒரே பக்கமாகத் தள்ளிவிட்டதால் கழிவதில்லை. ஆக்சிஜன் பக்கம் எதிர், ஹைட்ரஜன் பக்கம் நேர் என்று ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு குட்டி இருமுனை ஆகிவிடுகிறது. உப்புகளின் அயனிகளை (மின்னேற்றம் உள்ள துகள்களை) நீர் சூழ்ந்து பிரித்து எடுப்பது இந்த இருமுனையால்தான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு இது வெறும் பாடமாக நின்றுவிடவில்லை. இங்கே பாறைகளில் அப்படைட், பயோடைட் போன்ற புளோரைடு உள்ள தாதுக்கள் இருக்கின்றன. நிலத்தடி நீர் பாறை இடுக்கில் நெடுநாள் தங்கி, புளோரைடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. நேர் முனையான ஹைட்ரஜன் பக்கத்தைப் புளோரைடு அயனி நோக்கித் திருப்பி நீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து நிற்கும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அதைத் தாண்டிய போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்த குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறுவதும், வயதானபின் எலும்பும் மூட்டும் விறைப்பதும் இப்பகுதியில் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த துன்பம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. 2013 முதல் காவிரி நீர் குழாய் வழியே வருகிறது.

புளோரைடைத் துணியால் வடிகட்டிப் பிடிக்க முடியாததற்கும் இதுவே விளக்கம். அது தூசி மாதிரி மிதப்பதில்லை. கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் ஆவியாகி அளவு குறைவதால் செறிவு கூடவே செய்யும்.

## ஐந்தும் ஆறும்

ஐந்து இரட்டைகளுக்குச் சமமான இடம் கிடைக்காது. மூன்று பேர் நடுவட்டத்தில் 120 பாகையில், மேலே ஒன்று, கீழே ஒன்று. இதன் பெயர் முக்கோண இருபிரமிடு. தனித்த இரட்டை வந்தால் நெருக்கடி குறைந்த நடுவட்டத்தையே பிடிக்கும். செனான் டைபுளோரைடில் மூன்று தனித்த இரட்டைகள் நடுவட்டம் முழுவதையும் எடுத்துக்கொள்வதால், மேலும் கீழும் இரண்டு புளோரின் நேர்கோட்டில் நிற்கின்றன. நீரும் இதுவும் அணு எண்ணிக்கையில் ஒன்று. ஒன்று வளைந்தது, இன்னொன்று நேர்.

ஆறு என்றால் எண்முகி, எல்லாக் கோணமும் 90. துணை மின்நிலையச் சுவிட்சுகளில் தீப்பொறியை அணைக்கும் கந்தக ஹெக்சாபுளோரைடு இந்த வடிவம். ஆறு புளோரினும் கந்தகத்தை எல்லாப் பக்கமும் மூடிவிடுவதால் வேறு பொருள் எளிதில் நெருங்காது. போச்சம்பள்ளி, ஓசூர் பக்கம் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்களின் லித்தியம் அயனி பேட்டரி வகையில் மின்பகு திரவத்தில் பரவலாகப் பயன்படும் உப்பிலும் பாஸ்பரஸைச் சுற்றி ஆறு புளோரின், அதே எண்முகி.

## உண்மையில் எது விலக்குகிறது?

எல்லா எலக்ட்ரானும் ஒரே வகையான எதிர் (நெகட்டிவ்) மின்னேற்றம் கொண்டவை, ஆகவே விலக்குகின்றன என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். பாதி உண்மை. அது மட்டும்தான் காரணம் என்றால் முதலில் எலக்ட்ரான்கள் ஏன் இரட்டையாகச் சேரவேண்டும்?

கூடுதல் பங்கு பாலியின் தவிர்ப்புத் தத்துவத்துக்கு. 1925இல் பாலி சொன்னது இது. எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி என்ற பண்பு உண்டு, அது இரண்டு விதம். எதிரெதிர் சுழற்சி உள்ள இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே பகுதியைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரே சுழற்சி உள்ளவை ஒரே இடத்தில் இருக்கவே முடியாது. வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் என்றால் ஒரு சுழற்சியில் நான்கு, மறு சுழற்சியில் நான்கு. ஒவ்வொரு நான்கும் தமக்குள் விலகி ஒரு நான்முகியாக நிற்கும். பக்கத்து அணுக்கள் வந்து இழுக்கும்போது இரண்டு நான்முகிகளும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தி, நான்கு இரட்டைகளாகத் தெரிகின்றன. மின்னேற்றமே இல்லாவிட்டாலும் இந்தத் தவிர்ப்பு இருக்கும். கில்லெஸ்பியும் பிற்காலத்தில் இதையே வலியுறுத்தினார்.

விலக்கம்தான் காரணம் என்பதற்கு நல்ல சோதனை, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கும் லாரிகளின் டீசல் புகையில் இருக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு. அதில் நைட்ரஜன் மேல் இரட்டை இல்லை, ஒற்றை எலக்ட்ரான்தான். கோணம் 134 பாகை. அந்த ஒற்றையையும் பறித்துவிட்டால் நேர்கோடு, 180. இன்னொன்றைச் சேர்த்து முழு இரட்டையாக்கினால் 115. அணுக்கள் மூன்றும் அதேதான்; எலக்ட்ரான் ஏற ஏறக் கோணம் சுருங்குகிறது.

## கணக்கு எங்கே நின்றுவிடுகிறது?

தாமிரம், நிக்கல், இரும்பு போன்ற இடைநிலை உலோகங்களில் இந்த எண்ணிக்கை பலிக்காது. அவற்றின் உள்ளே முழுதும் நிரம்பாத கூட்டில் உள்ள எலக்ட்ரான்கள் குறுக்கே வருகின்றன. மாமரத்துக்கு அடிக்கும் போர்டோ கலவையின் மயில்துத்தத்தையே (தாமிர சல்பேட்) எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள சல்பேட் அயனி நான்முகி என்று இந்த முறையில் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடலாம். பக்கத்தில் இருக்கும் தாமிர அயனியைச் சுற்றி ஆக்சிஜன்கள் ஏன் நான்கு அருகிலும் இரண்டு தள்ளியும் நிற்கின்றன என்பதற்கு வேறு கொள்கை வேண்டும்.

காய் பழுக்கத் தொடங்குவதும் ஒரு தாமிர அயனியில்தான். செல்லுக்குள் எத்திலீனை அடையாளம் காணும் புரதத்தில் ஒரு தாமிரம் இருக்கிறது. எத்திலீனின் இரட்டைப் பிணைப்பு எலக்ட்ரான்கள் அதன் மேல் போய் உட்காரும். அசிட்டிலீனும் உட்காரும், ஆனால் ஒட்டுதல் குறைவு. அதே வேலைக்கு எத்திலீனைவிட மிக அதிகச் செறிவு வேண்டும். அதனால்தான் கல்லை அள்ளிப் போடுகிறார்கள். கூடவே பாஸ்பீனும் கூடுகிறது. எத்திலீன் அறையிலும் அவ்வப்போது கதவைத் திறந்து காற்று மாற்றவேண்டும். காய் விடும் கார்பன் டை ஆக்சைடு தேங்கினால் எத்திலீனின் வேலை மந்தமாகிவிடும்.

அந்தத் தாமிரத்தில் ஒட்டிக்கொண்டு விடவே விடாத ஒரு வாயுவும் உண்டு: மெத்தில்சைக்ளோபுரோப்பீன். நெடுந்தூரம் அனுப்பும் பழங்களில் பழுப்பதைத் தள்ளிப்போட இதைப் பயன்படுத்துகிறார்கள். மூன்று கார்பன் வளையம் அது. இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பன்கள் 120 பாகை கேட்கின்றன, வளையம் கொடுப்பது ஏறக்குறைய 65. அந்த இறுக்கம் தளர்வதற்கு வாய்ப்புக் கிடைத்ததும் தாமிரத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு எத்திலீன் வந்தாலும் உட்கார இடமில்லை.